எண்ணிய படிகள்

அம்மா வீட்டுச் சமையலறை மேடையில், மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கொண்டை ஊசி கிடந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையை வைத்துவிட்டுக் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தேன். தலையில் இருக்கவேண்டியது இங்கே ஏன் கிடக்கிறது என்று எடுத்து ஜன்னலோரம் வைக்கப் போனேன்.

"அதை எடுக்காதய்யா, எட்டு மணிக்கு வேணும்" என்றாள்.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல, முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா சென்னைக்கு வந்தால் பத்து நாள் தாங்குவாள், பதினோராம் நாள் ஊர்ப் பேச்சு ஆரம்பித்துவிடும். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று. தினமும் இரவு எட்டரைக்கு நான் ஃபோன் செய்து "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்பேன். "போட்டாச்சுய்யா" என்பாள். போன ஜூன் மாதம் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டோமா இல்லையா என்று அவளுக்கே குழம்பி, இன்னொன்றையும் போட்டுக்கொண்டாள். ராத்திரி சாப்பாடும் சரியாக இல்லை. பின்னிரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எப்படியோ வாசல் வரை வந்து கதவைத் திறந்திருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. நான் இருந்தது ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில்.

என் போன்றவர்களுக்குக் குற்றவுணர்ச்சி வந்தால் கோயிலுக்குப் போவதில்லை, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவோம். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை ஒன்று, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அதற்கான டிரைவர் பலகை. மோட்டாரும் டிரைவரும் சேர்ந்தே இருநூறு ரூபாய்க்குள்தான்.

சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். எங்கே நிற்கும் என்பது அதன் இஷ்டம். ஸ்டெப்பர் அப்படியில்லை. உள்ளே கம்பிச் சுருள்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்சாரத்தை மாற்றினால் நடுவில் இருக்கும் காந்தம் ஒரு படி நகர்ந்து அங்கே போய் நிற்கும். மறுபடி மாற்றினால் இன்னொரு படி. எத்தனை முறை மாற்றினோமோ அத்தனை படி. நான் வாங்கியது 28பிஒய்ஜே-48 என்ற சின்ன மோட்டார். கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்த எல்லோருடைய மேஜை இழுப்பறையிலும் ஒன்றாவது கிடக்கும். உள்ளே இருக்கும் காந்தம் 32 படியில் ஒரு சுற்றை முடிக்கும். அதற்கு மேல் உள்ள பல்சக்கரங்கள் வேகத்தை 64 மடங்கு குறைக்கும் என்று அதன் தகவல்தாளில் போட்டிருக்கிறது. 32ஐ 64ஆல் பெருக்கினால் 2048. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு ஒரு முழுச் சுற்று சுற்ற 2048 படிகள். நான் பார்த்த மாதிரி நிரல்களில் எல்லாம் முதல் வரியில் இந்த எண்தான் இருந்தது.

ஈஎஸ்பி32 போன்ற கன்ட்ரோலரின் கால்களில் வரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் போதாது. அதனால் நடுவில் யுஎல்என்2003 என்ற சில்லு பொருத்திய டிரைவர் பலகை. கன்ட்ரோலர் மெல்லச் சொல்வதை அது உரக்கச் சொல்லும். பலகையில் நான்கு சின்ன சிவப்பு விளக்குகள் உண்டு. எந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதோ அதற்கான விளக்கு எரியும். மோட்டார் ஓடும்போது நான்கும் திருவிழாச் சீரியல் பல்பு மாதிரி ஓடும்.

முதல் நாள் மோட்டார் சுற்றவில்லை. உர்ரென்று உறுமியபடி நின்ற இடத்திலேயே நடுங்கியது. கால்களை 1, 2, 3, 4 என்று வரிசையாகக் கொடுத்தால் ஆர்டுயினோவின் ஸ்டெப்பர் நூலகத்துக்கு ஒத்துவராது. நடுவில் இரண்டை மாற்றி 1, 3, 2, 4 என்று கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான் மட்டுமாக இருக்க மாட்டேன். ஆனால் மோட்டார் ஒரு இம்மிகூட நகராத அந்த நேரத்திலும் விளக்குகள் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

பெட்டி எளிமையானது. வட்டத் தட்டு ஒன்று, அதில் பதினான்கு அறைகள்: ஏழு நாளுக்குக் காலையும் இரவும். தட்டுக்கு அடியில் அசையாத தகடு, அதில் ஒரே ஒரு வாசல். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தட்டு ஒரு அறை தூரம் திரும்பும். வாசலுக்கு மேலே வரும் அறையிலிருந்து மாத்திரை கீழே கிண்ணத்தில் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்து அறைகளை நிரப்புவாள். வாசலில் நிற்கும் அறையை நிரப்ப முடியாதென்பதால் ஞாயிறு காலை மட்டும் கையால். 2048ஐ 14ஆல் வகுத்தால் 146.28 வரும். பின்னத்தை விட்டுவிட்டு 146 என்று வைத்தேன். ஒவ்வொரு முறை தட்டு திரும்பியதும் என் ஃபோனில் பச்சை வட்டத்தோடு ஒரு செய்தி வரும்: 'மாத்திரை கொடுக்கப்பட்டது.'

ஆகஸ்ட் 15 விடுமுறையில் போய்ப் பொருத்திவிட்டு வந்தேன். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஊதுபத்தி காட்டாத குறைதான்.

ஸ்டெப்பர் நூலகத்தில் மோட்டாரை நகர்த்தும் செயல்கூறின் பெயர் ஸ்டெப். எத்தனை படி என்று நாம் சொல்வோம். அது திருப்பித் தருவது ஒன்றுமில்லை. நிரலில் அதை வாய்டு என்று எழுதுவார்கள், வெறுமை. 146 படி என்றால் 146 முறை மின்சாரத்தை மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். தட்டு நகர்ந்ததா, நடுவில் எதிலாவது இடித்து நின்றதா, அச்சிலிருந்து கழன்றே விழுந்துவிட்டதா, எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அச்சை இடுக்கியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் விளக்குகள் ஓடும், செயல்கூறு முடியும், பச்சை வட்டம் வரும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் இதற்கு ஓப்பன் லூப் என்று பெயர். தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், நினைத்துக்கொள்வதும்தான். கன்ட்ரோலர் படிகளை எண்ணுகிறது என்கிறபோது இரண்டு பொருளும் சரியாகவே இருக்கிறது.

இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். அலுவலகத்தில் என் வேலையே ஒரு கணினி அனுப்பும் செய்தி இன்னொரு கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. அனுப்பியதும் சேர்ந்ததும் ஒன்றல்ல, சேர்ந்ததும் வேலை முடிந்ததும் ஒன்றல்ல என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவன். அப்படிப்பட்டவன் பெற்ற தாய்க்குச் செய்த பெட்டியில், 'நகரச் சொன்னேன்' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒன்றின் வாயில் 'மாத்திரை கொடுக்கப்பட்டது' என்ற வார்த்தைகளை வைத்தேன். பொய் சொன்னது மோட்டார் அல்ல. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தது நான்.

பச்சை வட்டம் வரத் தொடங்கியதும் எட்டரை மணி ஃபோன் மெல்லக் குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு இரண்டு. அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. கேட்பதற்கென்று இருந்த கேள்விக்குத்தான் பதில் ஏற்கெனவே வந்துவிடுகிறதே.

அக்டோபர் நடுவில் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் என்னை அழைத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டார். "ஒரு வேளைகூடத் தவறலை சார், என்கிட்ட ரெக்கார்டு இருக்கு" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அப்படியானால் மருந்து போதவில்லை என்று அவர் அளவைக் கூட்டினார். டாக்டர் செய்தது சரி. அவரிடம் இருந்த சாட்சி அப்படி.

இனி கொண்டை ஊசி.

"கொஞ்ச நாளா வாசல் பாதிதான் திறக்குது. மாத்திரை ஓரத்துல தட்டி நின்னுக்கிடும். கீழ இருந்து ஊசியை விட்டுக் கிளறுனா விழுந்துரும்."

"ஒண்ணு விழ வேண்டிய இடத்துல ரெண்டு விழுமா?"

"அதுவும் உண்டு. அடுத்த ரூம்லது சேந்து வந்துரும். அதை இதுல எடுத்து வச்சுக்கிடுவேன்." ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைக் காட்டினாள். அதில் மூன்று மாத்திரைகள் இருந்தன.

"விழவே இல்லைன்னா?"

"என்னைக்காவது விழாது. ஊசியைப் போட்டும் வராது. சரி, அதுக்குத் தெரியாதா, வேண்டாம்னுதான் குடுக்கலையோன்னு விட்டுருவேன்."

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரை எடுத்து வந்தாள். ஒவ்வொரு தேதியிலும் காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு ஒரு புள்ளி, பால்பாயின்ட் பேனாவால். பெட்டி வருவதற்கு முன்னால் அவள் இப்படிக் குறித்ததில்லை. பெட்டியை நம்ப முடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் கணக்கு வைக்க ஆரம்பித்திருக்கிறாள். என் ஃபோனையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செப்டம்பர் கடைசியிலிருந்து ஐந்து இடங்களில் என்னிடம் பச்சை இருந்தது, அவளிடம் புள்ளி இல்லை. அளவு கூட்டிய பிறகு விழுந்த மாத்திரைகள் வேறு, மூடியில். ஊசியும் மூடியும் இல்லாமல் அவள் கிண்ணத்தில் விழுந்ததையெல்லாம் அப்படியே விழுங்குகிறவளாக இருந்திருந்தால், ஜூன் மாத ராத்திரி இன்னொரு தடவை வந்திருக்கும். இந்தத் தடவை நான் செய்து கொடுத்த பெட்டியால்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது. அதுபோக, முன்னல்லாம் மாத்திரை போட்டாச்சான்னு கேப்ப. போட்டாச்சும்பேன், அப்படியே நாலு வார்த்தை பேசுவோம். இப்பத்தான் பச்சை வந்துருச்சும்மான்னு நீயே சொல்லிருத. பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

அன்று இரவு எல்லோரும் வெடி போட்டுக்கொண்டிருக்க, நான் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதல் சந்தேகம் மோட்டாரின் மேல். பாரம் தாங்காமல் படிகளை விட்டுவிடுகிறது என்று நினைத்தேன். ஸ்டெப்பர்களுக்கு அந்த வியாதி உண்டு. சக்திக்கு மீறி இழுக்கச் சொன்னால் காந்தம் ஒரு படியைத் தவறவிடும், கன்ட்ரோலர் அதை எண்ணிவிட்டுப் போய்விடும். ஆனால் அப்படியானால் தட்டு பின்தங்க வேண்டும். இது முந்திக்கொண்டு போயிருந்தது. தட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, 2048 படி வீதம் பத்துச் சுற்று ஓடவிட்டேன். கோடு புறப்பட்ட இடத்தைத் தாண்டி ஏறக்குறைய 18 பாகை போய் நின்றது.

கையில் உபரியாக இருந்த இன்னொரு மோட்டாரின் மூடியை நெம்பித் திறந்து பற்களை எண்ணினேன். 9க்கு 32, 11க்கு 22, 9க்கு 26, 10க்கு 31. நான்கு ஜோடிகளையும் பெருக்கினால் வருவது 64 அல்ல, 63.684. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 2048 படிகள் இல்லை, 2038க்குச் சற்றுக் குறைவு. இதை எனக்கு முன்பே பலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் தகவல்தாளோடு நின்றுவிட்டேன். என் பெட்டியில் 146 வீதம் பதினான்கு முறை, ஆக வாரத்துக்கு 2044. தேவைக்கு மேல் ஆறு படிகள், ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூட. (பின்னத்தை வெட்டியதில் வந்த பிழை, பல்சக்கரத்தின் பிழையில் ஒரு பங்கைத் தின்றிருக்கிறது. இல்லாவிட்டால் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஊசி தேவைப்பட்டிருக்கும்.) ஒரு அறையின் அகலம் 25.7 பாகை. பத்து வாரத்தில் தட்டு ஏறக்குறைய பாதி அறை தள்ளிப்போயிருந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்தியது ஒன்று. மோட்டார் ஒரு படியைக்கூடத் தவறவிடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது, ஒவ்வொரு நாளும், பத்து வாரமாக. கீழ்ப்படிதலில் குறையே இல்லை. ஒரு சுற்று என்றால் எவ்வளவு என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததுதான் தப்பு. சொன்னதைச் செய்யாத வேலையாளை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிடித்துவிடலாம். தவறாகச் சொன்னதைச் சரியாகச் செய்துகொண்டே இருப்பவனால் வரும் கேட்டை, போய்ப் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க வழியில்லை.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல், பழுதுபார்க்க வேண்டுமோ என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. இத்தனை பயணம் தாங்கியது இதையும் தாங்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, மனப்பூர்வமாக நம்பிக் கப்பலை அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் உண்மையிலேயே நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபோர்ட். நம்புவதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே.

கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்தபோது எவ்வளவு கறாரான மனிதர் என்று தோன்றியது. இப்போது அந்த முதலாளியை நினைத்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. அவருக்குச் சந்தேகமாவது வந்தது. வந்ததை அமுக்கினார். எனக்கு வரவே இல்லை. வராமல் இருப்பதற்காகத்தானே அந்தப் பெட்டியையே செய்தேன்? அம்மாவுக்கு மாத்திரை போய்ச் சேரவேண்டும் என்பது ஒரு நோக்கம். இரவு எட்டு மணிக்கு எனக்குள் எழும் பதற்றம் அடங்கவேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைப் பெட்டி சுமாராகச் செய்தது. இரண்டாவதை ஒரு வேளை தவறாமல் செய்தது. டாக்டரிடம் நான் சாட்சி சொன்னபோது என் கையில் இருந்தது அம்மாவைப் பற்றிய பதிவேடு அல்ல, என் நிம்மதியின் பதிவேடு.

அதற்காக ஓப்பன் லூப்பே பாவம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் மேஜை மேல் வைத்துக்கொள்ளும் 3டி பிரின்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன. பல மணி நேரம், லட்சக்கணக்கான படிகள், ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அவை ஒன்று செய்யும். முனையில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போய்த் தொடும்வரை மெல்ல நகரும். தொட்ட இடம் பூஜ்யம். அங்கிருந்துதான் எண்ணிக்கை. இதைவிட எனக்குப் பிடித்தது ஸ்டீவ் வாஸ்னியாக் 1978இல் ஆப்பிளுக்காகச் செய்த ஃப்ளாப்பி டிரைவ். அதில் செலவைக் குறைக்க அந்த சுவிட்ச்கூடக் கிடையாது. கணினியை இயக்கியதும், தலை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாது என்பது தெரியும். அதனால் தட்டில் இருக்கும் தடங்களின் எண்ணிக்கைக்கும் மேலாகப் பின்னால் போ, போ என்று படிகளை அனுப்பும். தலை ஓரத்துத் தடுப்பில் போய் முட்டி, மேலும் முட்டி, தடதடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் டிரைவ் உடைந்துவிட்டதென்று பயப்படுவார்களாம். உண்மையில் அது தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும் சத்தம். எல்லோரும் பயப்படுகிற தவறிய படிகளை வேண்டுமென்றே தவறவிட்டு, சுவரில் முட்டி, இதோ இங்கேதான் இருக்கிறேன் என்று கண்டுகொள்கிறது.

நானும் தட்டின் விளிம்பில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டி, அடித்தகட்டில் காந்தத்தை உணரும் ஹால் சென்ஸார் ஒன்றை வைத்தேன். இப்போது வாரம் ஒருமுறை காந்தம் எதிரே வரும்போது தட்டு தன் பூஜ்யத்தைத் தெரிந்துகொள்கிறது. வாசல் நேராக நிற்கிறது. சரி. ஆனால் தட்டு வந்தது தெரிந்தால் மாத்திரை விழுந்தது தெரியுமா? அதற்கு வாசலுக்கு அடியில் ஒரு அகச்சிவப்புக் கதிர் வைக்கலாம். விழுந்ததை அம்மா எடுத்தாளா? கிண்ணத்துக்கு அடியில் எடை சென்ஸார். எடுத்ததை விழுங்கினாளா? அலுவலக நண்பன் சாதாரணமாகச் சொன்னான்: "கேமரா வெச்சுடு மச்சி, ஆயிரத்தைந்நூறு ரூபாதான்."

இந்த வழியில் கடைசிவரை போய்ப் பார்த்தவர்கள் உண்டு, அதுவும் சென்னையிலேயே. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று நிறுவியது. உலகமே கவனித்த ஆய்வு அது. ஆனால் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: சாப்பிடுகிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னாளில் கண்ணெதிரே விழுங்கவைப்பதே சிகிச்சை முறையாகிப் பல நாடுகளுக்கும் பரவியது. காசநோயில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஒருவர் மருந்தைப் பாதியில் விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் நோய், மருந்துக்கு மசியாத கிருமி ஊருக்கெல்லாம். என் அம்மாவின் சர்க்கரை அவளுடையது. அவள் ஒரு வேளை தவறவிட்டால் ஊருக்குத் தொற்றாது. என் தூக்கம் கெடும், அவ்வளவுதான். என் தூக்கத்துக்காக அவள் சமையலறையில் ஒரு கண்ணை மாட்ட எனக்கு உரிமை உண்டா?

தீபாவளி மதியம் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். "சின்னதா ஒரு கேமரா வச்சிரவாம்மா?"

"எதுக்கு, நான் முழுங்குறதைப் பாக்கவா?"

ஒன்றும் சொல்லவில்லை நான்.

"அப்பாவை ஐசியூல அப்படித்தான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு நின்னோம்" என்றாள். "டிவில கோடு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறளில் இரண்டையும் ஒன்றாக வைக்கிறார். ஆராயாமல் நம்புவதும் தீராத துன்பம், நம்பியவரிடம் ஐயப்படுவதும் தீராத துன்பம். அது அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அதிகாரம். பள்ளியில் படித்தபோது, சோதித்துவிட்டுப் பிறகு நம்பு என்று எளிதான ஏற்பாடாகத் தெரிந்தது. நான் செய்தது விசித்திரமான இன்னொன்று: பெட்டியை ஆராயாமல் நம்பினேன், நாற்பது வருஷமாக ஒரு குடும்பத்தை நடத்திய அம்மாவை ஐயப்பட்டேன். இரண்டு துன்பத்தையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டேன். ஐயப்படக் காரணமே இல்லையா என்றால் இருக்கிறது, ஜூன் மாத ராத்திரியை மறைத்துப் பேச முடியாது. அவள் "போட்டாச்சுய்யா" என்று சொன்ன வார்த்தையும் அன்றைக்கு ஒரு பச்சை வட்டமாகத்தான் இருந்தது. ஃபோனில் கேட்பது நல்ல சென்ஸார் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி அளப்பதற்கு மட்டுமே இருந்தது என்று நினைத்து அதை அகற்றினேன் பாருங்கள், அங்கேதான் கணக்கில் பற்களை எண்ண மறந்தேன்.

தீபாவளி கழிந்த மறுநாள் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். ஐந்து வேளை தவறியதால்தான் சர்க்கரை ஏறியதா, வேறு காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து, "அடுத்த தடவை வரும்போது அந்தக் காலண்டரைக் கொண்டுட்டு வாங்க" என்றார். என் ஃபோனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் நிரலில் ஒரு வரியை மாற்றினேன். 'மாத்திரை கொடுக்கப்பட்டது' என்பதை எடுத்துவிட்டு, 'தட்டை நகரச் சொன்னேன்' என்று வைத்தேன். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பச்சை வட்டத்தையும் எடுத்துவிட்டேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அந்தச் செய்தி வந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்து, "இதென்ன, உங்க ஆஃபீஸ் மெயில் மாதிரி இருக்கு?" என்றாள்.

எட்டரைக்கு ஃபோன் செய்தேன்.

"விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு. நேராத்தான் விழுது இப்போ."

"அப்ப ஊசியை எடுத்து உள்ள வச்சிரு, கையில குத்திரப் போகுது."

"இருக்கட்டும்யா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். பிறகு எதிர்வீட்டு அக்கா மகளுக்கு மதுரையிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.